போர்க்கோலமும் பொய்க்கோலமும்

அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் ஒரு விந்தை நிகழ்கின்றது. 1861 முதல் 1865 வரை வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் பொருத உள்நாட்டுப் போரை, அக்காலப் படையுடுப்பு அணிந்தும் துமுக்கி ஏந்தியும் ஆயிரக்கணக்கானோர் மீண்டும் நடித்துக் காட்டுகின்றனர். நூலும் குமிழும் பழம்படியே இருத்தல் வேண்டும் என்பதில் அவருட் பலர்க்குள்ள முனைப்புப் பெரிது. ஒரு தையலின் பொருட்டு ஒருவரோடொருவர் பூசலிடுவாரும் உளர். நன்று! ஆயின், அப்போர் எதன்பொருட்டு நிகழ்ந்தது என்னும் வினா எழுந்தக்கால், அம்முனைப்பு எங்குப்போய் ஒளிகின்றது?

தென்படைக் கோலம் பூணுவோர் பலர், தாம் ஏந்தும் கொடி முன்னோர் மறத்தின் அடையாளமேயன்றி அடிமைமுறையின் அடையாளம் அன்று என்பர். முன்னோரை நினைத்தல் பழியன்று. ஆனால், தென்மாநிலக் கூட்டரசின் துணைத்தலைவர் அலெக்குசாந்தர் இசுதீபன்சு, 1861 மார்ச்சு 21-இல் சவன்னா நகரில் பேசுங்கால், கருப்பர் வெள்ளையர்க்கு நிகராகார் என்பதே தம் அரசின் அடிக்கல் என ஒளிவுமறைவின்றி உரைத்தார். பாட்டன் பறைசாற்றிய நோக்கத்தைப் பேரன் மறைப்பது பாட்டனுக்குச் செய்யும் சிறப்பாகுமா? போர் முடிந்து எண்பதாண்டு கழிந்த பின்னும், 1948-இல், கருப்பர்க்கு நிகருரிமை கூடாதென்று கிளர்ந்த கட்சியார் கையில் பறந்ததும் அக்கொடியே.

நூற்றாண்டு நினைவுவிழாக் குழுவினர் 1961 ஏப்பிரலில் சார்லசுடன் நகரிற் கூடவிருந்தபோது, நியூசெர்சி மாநிலக் குழுவைச் சார்ந்த கருப்பினப் பெண்மணி ஒருவர்க்கு அங்குள்ள விடுதி இடந்தர மறுத்தது. குடியரசுத் தலைவர் கென்னடி தலையிட்ட பின்னரே கூட்டம் கடற்படைத் தளத்திற்கு மாறிற்று. முடிந்துபோன போராம்! அதற்கு விழாவாம்!

அந்நகர்த் துறைமுகத்தின் வாயிலில், வாக்னர்க் கோட்டையின்மேல், 1863 சூலை 18-இல் மாசச்சூசெட்சு 54-ஆம் படைப்பிரிவின் கருப்பின மறவர் பாய்ந்தனர், பலர் மடிந்தனர். அவர் பொருதது வடபடையின் பக்கல். அங்கும் ஓரவஞ்சனையே. வெள்ளைப் படைஞனுக்குத் திங்கள் ஊதியம் 13 தாலர், இவர்க்கோ 10, அதிலும் உடுப்புக்கென 3 பிடித்தம். குறைகூலியைக் கையாலும் தொடோம் என்று அவர் மறுத்துநின்றே களம்புகுந்தனர். 1864 சூனில்தான் நிகரூதியத்திற்குச் சட்டம் பிறந்தது.

1989-இல் அவர் வரலாற்றைக் 'குளோரி' என்னும் திரைப்படம் காட்டியபின், கருப்பினத்தார் பலர் குழுக்குழுவாகச் சேர்ந்து அப்படைப்பிரிவின் கோலம் பூண்டு நடிப்புக்களங்களிற் புகுந்தனர். அவர் உடுத்துவதும் பழம்படி நீலவுடுப்பே. 3 தாலர் பிடிக்கப்பெற்ற அதே உடுப்பு.