கூரை மின்சாரமும் கம்பிச் செலவும்

சூரியத் தகடு பதித்த வீட்டார் மின்வாரியத்தின் கம்பியை இலவசக் களஞ்சியமாக்கிக்கொண்டு, பகலில் தள்ளிவிட்டதை இரவில் சரிக்குச் சரி மீட்பதானது தகடில்லாத ஏழையின் தலையில் பாரம் ஏற்றுவதே என்று சிலர் சாதுரியமாக வாதிக்கிறார்கள். மாலை உச்சநேர மின்சாரம் விலை மிக்கது, கம்பிக்கும் மின்மாற்றிக்கும் செலவுண்டு என்பவை மெய்தான். ஆனால் அந்த உபரி எங்கே போகிறதென்று அவர்கள் விசாரிக்கவில்லை.

திருப்பூரில் நண்பகலில் கூரையில் விளையும் யூனிட், நெய்வேலியிலிருந்து நெடுந்தூரம் பிரயாணம் செய்து இளைத்து வந்ததன்று. பெரும்பாலும் அடுத்த தெருவின் பின்னல் கூடத்திலோ தையல் கூடத்திலோ அக்கணமே செலவாகிவிட, வாரியம் அதைத் தொழிற்கட்டணத்துக்கு விற்றுக் காசாக்குகிறது. இதில் ஏழையின் நஷ்டம் எங்கே?

களஞ்சியமும் புதிய சலுகையன்று. காற்றாலை வைத்திருக்கும் இவ்வூர்ப் பனியன் முதலாளிகள், ஆடிக்காற்றில் விளைந்ததை வாரியத்திடம் சேமித்து, அந்த ஆண்டுக்குள் எடுத்துக்கொள்ளும் உரிமையைப் பல்லாண்டு அனுபவித்தார்கள். அதை ஆட்சேபியாதவர்கள், 2024-இல் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மத்திய மானியத்தை நம்பித் தகடு பதித்த குமாஸ்தாவிடம் மட்டும் தர்மசாஸ்திரம் பேசுவது விநோதம்.

பகல் யூனிட்டுக்குப் பகல் விலை, மாலை யூனிட்டுக்கு மாலை விலை என்றால் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் அந்தப் பகல் விலையை நிர்ணயிக்கும்போது, மிச்சமாகும் வழி நஷ்டத்தையும் ஒழுங்குமுறை ஆணையம் வீட்டார் பக்கம் வரவு வைக்கட்டும்.