கொடையும் கூட்டும்

நமது குடாநாட்டிற் கொடைக்குப் பஞ்சமில்லை. கோவிலுக்குக் கோபுரம் எழுப்ப வேண்டுமெனின் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பணம் வந்து சேருகிறது. பாடசாலைக்கு மதில் கட்ட வேண்டுமெனின் பழைய மாணவர் முன்வருகின்றனர். வறிய குடியிருப்பு ஒன்றின் சனசமூக நிலையம் விளையாட்டு விழா நடத்துமாயின், சந்தியிலுள்ள வர்த்தகப் பெருமக்கள் வெற்றிக்கிண்ணமும் சோடாப் பெட்டிகளும் அனுப்பத் தவறுவதில்லை. மறுநாட் காலையில் அக்குடியிருப்பின் நிலை யாது? பனையோலைப் பெட்டி இழைக்கும் பெண் முன்போலவே தரகர் சொன்ன விலைக்குத் தம் பெட்டிகளைக் கொடுக்கிறார். வெங்காயம் கிண்டும் கூலியாள் முன்போலவே நாட்கூலிக்குக் காத்து நிற்கிறார். கிண்ணம் மட்டும் அலுமாரியில் ஏறியிருக்கிறது.

கொடுப்போரைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயினும் கொடுப்பவர்க்கும் ஏற்பவர்க்கும் உள்ள உறவைக் கூட்டு என்று அழைப்பதற்கு நாம் உடன்படோம். இரு பகுதியாரும் ஒரே மேசையில் இருந்து, என்ன பொருள், என்ன விலை, எத்தனை நாளிற் பணம், தவறினால் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் வைத்துக் கையொப்பமிடுவதே கூட்டு. மானிப்பாயிற் கடை வைத்திருப்போர்க்கும் அயலிலுள்ள வறிய குடியிருப்புகளின் சங்கங்களுக்கும் இடையே இத்தகைய உடன்படிக்கைகள் ஏற்படல் வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

இக்கோரிக்கை மானிப்பாய்க்கு அந்நியமானதன்று. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்து, 1952இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராகிய வீரசிங்கம் அவர்கள் கூட்டுறவுக்காக உழைத்த பெருமகன். யாழ் நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. கச்சேரிக்கும் கூட்டத்துக்கும் அங்கே செல்கின்ற நம்மில் எத்தனை பேர் அப்பெயரின் வரலாற்றை நினைக்கிறோம்! 1934இல் மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் அமைந்தபோது நமது கமக்காரர் செய்தது என்ன? திருவிதாங்கூர்ச் சந்தைக்குத் தனித்தனியே புகையிலை அனுப்பி, கிடைத்த விலையைப் பெற்று வந்தவர்கள், சங்கமாகச் சேர்ந்து விற்கத் தலைப்பட்டார்கள். 1936இல் மூளாயில் கூட்டுறவு வைத்தியசாலை எழுந்தது. ஊரவர் பங்குதாரராகித் தமக்கென ஒரு வைத்தியசாலையை நடத்த முடியும் என்பதை நம் முன்னோர் அன்றே காட்டினர்.

கொடையிலும் தரவேறுபாடு உண்டு. 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி செய்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் மருந்து கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. நம்மவர்க்கு மேலை வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழிலாக்கினார். பெற்றவரைத் தம் காலில் நிற்கச் செய்த கொடை அது. வெற்றிக்கிண்ணம் வழங்குவோர் இதனைச் சிந்திப்பாராக.

வறியவர் தாமே அமைத்த சங்கத்தின் வலிமையை அறிய வேண்டுமாயின் சீவல் தொழிலாளரின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். முன்பு தவறணைகளை அரசாங்கம் ஏலத்திற் குத்தகைக்கு விடும். பணம் படைத்தவர் குத்தகை எடுப்பார். காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்துப் பனையேறியவர் அவர் கொடுத்ததைப் பெற்றுக்கொள்வார். 1972இல் இம்முறை மாறியது. மரவரி முறை வந்தது. தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. கள்ளை விற்கும் உரிமை கள்ளை இறக்கியவரின் சங்கத்திடம் வந்தது. சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன் கணக்கைத் தானே எழுதத் தொடங்கியது. குடிவகை பற்றிய வெறுப்பினால் நமது கனவான்கள் பலர் இதனைக் கண்டுகொள்ளாது விட்டனர். நாம் மதுவுக்குப் பரிந்து பேசவில்லை. குத்தகைக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையே நடந்த உரிமை மாற்றத்தைப் பற்றிப் பேசுகிறோம்.

அவ்வெற்றி பாதியில் நிற்பதற்குக் காரணம் சந்தை. பருவத்திற் கள் பெருகும்போது வாங்குவாரில்லை. பருவம் கழிந்தால் தொழிலாளிக்கு வருவாயில்லை. பதநீர், பனங்கட்டி, ஒடியல் மா, பனாட்டு, ஓலைப்பொருள் யாவும் இதே கதைதான். விடுதி நடத்துவோரும் பலசரக்கு வணிகரும் இச்சங்கங்களோடு ஆண்டு முழுவதுக்குமான கொள்வனவு உடன்படிக்கை செய்தாற் பயன் இரு பகுதியார்க்கும் உண்டு. 1946இல் குசராத்தின் கைரா மாவட்டத்திற் பாற்காரர் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தபோது அவர்களிடம் பெருமூலதனம் இருக்கவில்லை. பம்பாய் அரசின் பால் விநியோகத் திட்டம் என்னும் நிலையான கொள்வனவாளர் கிடைத்தமையே அவர்களைத் தூக்கிவிட்டது. அமுல் என உலகறிந்த நிறுவனம் அவ்வாறே வளர்ந்தது.

சட்டம் பயின்றோர் என்ற முறையில் ஒன்று கூற விரும்புகிறோம். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாகக் கடையிலும் தேநீர்ச்சாலையிலும் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவர அதன் பின்னரும் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்ததை மறந்தவர் யார்? இன்று எவரும் கடையினுள் நுழையலாம், வாங்கலாம். அக்கடைக்குப் பொருள் விற்பவராக, அதன் முதலாளியோடு சமமாக இருந்து விலை பேசுபவராக எத்தனை பேர் நுழைய முடிகிறது? வாடிக்கையாளராக ஏற்றுக்கொண்டவரை வணிகத் துணைவராக ஏற்றுக்கொள்ளத் தயங்குவது பழைய நோயின் எச்சமேயாம்.

தயக்கத்தின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதும் தெரிந்ததே. போர் 2009இல் முடிந்தபின் வடபகுதியெங்கும் நுண்கடன் நிறுவனங்கள் புகுந்தன. வாரந்தோறும் படலையில் வந்து நிற்கும் வசூலிப்பாளருக்கு அஞ்சி, ஒரு கடனை அடைக்க மறுகடன் எடுத்த பெண்கள் எண்ணற்றோர். வரட்சியால் தாக்குண்ட மாவட்டங்களிற் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்யும் நிலைக்கு 2018இல் அரசாங்கமே வந்தது. அவ்வாண்டிலேயே மத்திய வங்கி நுண்கடனுக்கு 35 வீத வட்டி உச்ச வரம்பு விதித்தது. முப்பத்தைந்து வீதம் கட்டுப்பாடாயின், கட்டுப்பாடில்லாத காலத்தை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். அதன்மேல் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் வந்தது.

வர்த்தகர் தரப்பிலும் நியாயம் உண்டு. "சங்கத்தை நம்பிப் பொருள் கேட்டால் குறித்த நாளில் வராது, தரம் மாறும், தலைவர் மாறினால் பேச்சும் மாறும்" என்பர். இதனை நாம் மறுக்கவில்லை. ஐந்தாறு பேரே ஆண்டாண்டாய்ப் பதவி வகிப்பதும், பொதுக்கூட்டத்திற் கணக்கு வாசிக்கப்படாததும் நமது சங்கங்கள் பலவற்றின் பழக்கமாகிவிட்டன. 1970க்குப் பின் பணிப்பாளர்களை அரசியலார் நியமித்த காலத்திற் கூட்டுறவு பட்ட காயம் இன்னும் முற்றாக ஆறவில்லை.

சட்டச் சிக்கலும் ஒன்று உண்டு. சனசமூக நிலையம் உள்ளூராட்சி மன்றத்திற் பதிவு பெற்றிருந்தாலும், அதனால் மட்டும் வழக்காடத்தக்க சட்ட ஆளாகிவிடாது. உடன்படிக்கை முறிந்தால் கையொப்பமிட்ட தலைவரின் தலையிலேயே பொறுப்பு விழக்கூடும். கூட்டுறவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவாகும் சங்கமோ தன் பெயரிற் சொத்து வைத்திருக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம்; அதன் கணக்கு ஆண்டுதோறும் பரிசோதிக்கப்படும். ஆகவே வணிகத்தில் இறங்க விரும்பும் மகளிர் குழுக்களும் இளைஞர் கழகங்களும் முதலிற் பதிவைத் தேடுக. நமது நியாயதுரந்தரர்கள் ஆளுக்கொரு சங்கத்துக்குக் கட்டணமின்றி விதிகள் எழுதிக் கொடுத்தாற் குறைந்துவிட மாட்டார்கள்.

பணம் கொடுக்கும் தவணையே முக்கியமானது. மூன்று மாதம் பின்தேதியிட்ட காசோலை பெரிய விநியோகத்தருக்குப் பொருந்தலாம். அன்றன்று அடுப்பெரிப்போருக்கு அது பொருளை இலவசமாகப் பறிப்பதற்கு ஒப்பாகும். பதினான்கு நாளிற் பணம் என்று உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டும். அதற்கும் இயலாத சிறு கடைக்காரரின் பற்றுச்சீட்டை ஈடாகக் கொண்டு சங்கத்துக்கு முற்பணம் கொடுக்கப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களின் கிராமிய வங்கிகள் முன்வரலாம். தென்னிலங்கைப் பேரங்காடிகள் யாழ்ப்பாணத்திற் கிளை பரப்பிவரும் இந்நாளில், உள்ளூர்ப் பொருளை உள்ளூரார் பெயரோடு விற்பது நமது சிறு வணிகர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழியுமாகும்.

2025 மே மாதத் தேர்தலின் பின் அமைந்த வலிகாமம் தென்மேற்குப் பிரதேச சபைக்கும் இதில் ஒரு கடமை உண்டு. பொதுச்சந்தைக் கடைகள் கூடிய கேள்விக்கே குத்தகைக்கு விடப்படுமாயின் வறியவரின் சங்கம் ஒருபோதும் உள்ளே வரமுடியாது. மானிப்பாய்ச் சந்தையில் இரண்டு கடைகளையேனும் பதிவு பெற்ற சங்கங்களுக்கென ஒதுக்கி, மதிப்பிட்ட வாடகைக்கு மூன்றாண்டு காலம் கொடுக்குமாறு சபை தீர்மானிக்கட்டும். அடுத்த ஆண்டுப் பாதீடு சபைக்கு வரும் நாளில் இத்தீர்மானத்தை முன்மொழியும் உறுப்பினர் எக்கட்சியினராயினும் அவருக்கு நமது ஆதரவு உண்டு. எதிர்த்து வாக்களிப்போரின் பெயர்களையும் இப்பத்தியில் வெளியிடுவோம்.