கண்டன்சர் பெருத்தால் சத்தம் பெருக்குமா?

இளையாத்தங்குடியில் கைலாசநாதர் கோயில் விசேஷமானாலும் வளவு வீட்டுக் கல்யாணமானாலும் மைக் செட் இல்லாமல் நடக்காது. அந்த செட்டுகளைச் சுற்றி ஒரு நம்பிக்கை இந்தப் பக்கம் மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க ஊறிக் கிடக்கிறது: "கண்டன்சரைப் பெரிசாப் போடு, பேஸ் தூக்கும்." 2,200 மைக்ரோ ஃபாரட் இருந்த இடத்தில் 10,000, அதுவும் போதாதென்று 22,000. மூடியைக் கழற்றினால் ஐ.சி. எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. இதைப் பித்தலாட்டம் என்று சொல்ல மாட்டேன், செய்கிறவர்கள் நம்பித்தான் செய்கிறார்கள். ஆனாலும் தப்பு தப்புதான்.

ஐந்து கால் டிடிஏ2030 ஐ.சி.யையே எடுத்துக்கொள்வோம். ஒற்றை சப்ளையில் ஓட்டும்போது ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு கண்டன்சர் வரும். 4 ஓம் ஸ்பீக்கரோடு அது 2,200 என்றால் சுமார் 18 ஹெர்ட்ஸ் வரைக்கும் வழிவிடும். 10,000 போட்டால் 4 ஹெர்ட்ஸ். மனிதக் காது 20-க்குக் கீழே கேட்பதில்லை. அப்புறம் யாருக்காக அந்தச் செலவு? கோயில் கோபுரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர் 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உருப்படியாகப் பாடுவதே இல்லை. அதற்குள் அடிக்குரலைத் திணித்தால் யூனிட்டின் டயாஃப்ரம்தான் போகும். பேஸ் கேட்கிறவர் ஸ்பீக்கரையும் பெட்டியையும் மாற்றட்டும். (ஆத்தங்குடிக் கல் பதித்து, சுண்ணாம்பு மெருகேற்றிய நம் வீட்டு முகப்பில் பாட்டு ஏற்கெனவே முழங்கித்தான் கேட்கிறது, அதற்கும் கண்டன்சர் பொறுப்பல்ல.)

சத்தத்துக்கு எல்லை போடுவது வோல்டேஜும் ஸ்பீக்கர் ஓமும். 12 வோல்ட், 4 ஓம், ஒற்றை ஐ.சி.: இழப்பே இல்லையென்றாலும் நாலரை வாட்டுக்கு மேல் சுத்தமாக வராது. ஸ்டிக்கரில் எத்தனை ஆயிரம் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

கரண்டில் ஓடும் செட்டில் சப்ளை கண்டன்சர் 1,000-ஐ 4,700 ஆக்கினால் ஹம்மிங் குறையும், மறுக்கவில்லை. அதே நியாயத்தில் 22,000-க்குப் போனால் டயோடுகள் கொஞ்ச நேரத்துக்குள் மொத்த கரண்டையும் அள்ளிக் கொடுக்க வேண்டிவரும், டிரான்ஸ்ஃபார்மரும் சூடேறும்.

இன்னொரு கைவேலை, ஃபீட்பேக்கில் இருக்கும் 680 ஓமை எடுத்துவிட்டு 220 போடுவது. 22 கிலோ ஓமுக்கு எதிரே 680 இருந்தால் கெயின் சுமார் 33 மடங்கு. 220 என்றால் 101. வால்யூமைக் கொஞ்சம் திருப்பினாலே அலறும், உண்மை. ஆனால் உச்ச சத்தம் பழையபடிதான், இரைச்சல்தான் கூடுதல். வேடிக்கை என்னவென்றால், அதோடு இருக்கும் 22 மைக்ரோ ஃபாரட்டைத் தொடாமல் விட்டால் பேஸ் தொடங்கும் இடம் 11 ஹெர்ட்ஸிலிருந்து 33-க்கு ஏறிவிடும். பேஸுக்காகச் செய்ததே பேஸை வெட்டுகிறது.

இவ்வளவு பெரிசுகளைப் போடுகிறவர்கள் எதை விடுகிறார்கள் தெரியுமா? அவுட்புட்டில் 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோ ஃபாரட்டும். சப்ளை காலை ஒட்டி வர வேண்டிய 0.1. மிளகு அளவு சாமான்கள், அதனால் மதிப்பில்லை. தெருக்கோடி வரை இழுத்த ஸ்பீக்கர் வயரோடு இவை இல்லாத ஐ.சி. காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே ஆட ஆரம்பிக்கும். பாட்டே போடவில்லை, ஆனால் ஹீட் சிங்க்கில் விரல் வைக்க முடியாது. கொஞ்ச நேரத்தில் ஐ.சி. போய்விடும், பழி "டூப்ளிகேட் ஐ.சி." மேல் விழும். டூப்ளிகேட்டும் சந்தையில் உண்டுதான், ஆனால் எல்லாச் சாவுக்கும் அது காரணமில்லை.

தயாரித்த கம்பெனி இந்த ஐ.சி.யின் டேட்டா ஷீட்டில் ஒவ்வொரு சாமானுக்கும் மதிப்பு, கூட்டினால் என்ன ஆகும், குறைத்தால் என்ன ஆகும் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. அந்த 0.22-ஐக் குறைத்தால் ஆட்டம் வரும் என்பதும் அதில் இருக்கிறது. செட்டை ரிப்பேருக்குக் கொடுக்கிறவர்கள் பெரிய கண்டன்சர் கேட்பதை விட்டுவிட்டு, அவுட்புட்டில் 1 ஓமும் 0.22-ம் இருக்கின்றனவா என்று கேளுங்கள்.