படப் புத்தகத்தை வைத்து வைவா நடத்தாதீர்கள்!

"பக்கத்துக்கு ஒரு வரிகூட இல்லை. இதுக்கு 200 ரூபாயா?" புத்தகக் கண்காட்சியில் குழந்தைகளுக்கான படப் புத்தகத்தைப் புரட்டும் பெரியவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. இன்னும் சிலர் கேட்பது இதைவிட மோசம்: "இதில் நீதி என்ன இருக்கு?" இந்த இரண்டு கேள்விகளோடும்தான் இன்று எனக்குச் சண்டை.

விலையிலிருந்தே தொடங்குவோம். பி.காம் படிக்கிறவனுக்குத் தெரிந்த பாஷை அதுதானே! வார்த்தையை எண்ணிப் புத்தகத்தின் விலையைப் பார்ப்பது, பட்டுப்புடவையைத் தராசில் நிறுத்து வாங்குவது மாதிரி. நாம் ஒரு நாவலை ஒரு முறை படித்துவிட்டு அலமாரியில் போட்டுவிடுவோம். மூன்று வயசுக் குழந்தையோ, பிடித்த புத்தகத்தை ஒரே ராத்திரியில் நாலு தடவை படிக்கச் சொல்லும். வருஷத்துக்கு 100 தடவை என்று வைத்துக்கொண்டாலும் தடவைக்கு 2 ரூபாய். டீ விலைகூட இல்லை. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதே குழந்தைகள் படப் புத்தகத்துக்கு வரி பூஜ்யம்தான். அரசாங்கமே விட்டுக்கொடுத்தாலும் நாம் விடமாட்டோம் போல :-)

சரி, வார்த்தை ஏன் இவ்வளவு குறைவு? ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தால் புரியும். இங்கிலாந்தைச் சேர்ந்த பேட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்த 'ரோஸீஸ் வாக்', 1968-ல் வந்தது. மொத்தம் 32 வார்த்தை, ஒரே வாக்கியம். ஒரு கோழி பண்ணையைச் சுற்றி உலாத்திவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பி வருகிறது. எழுத்தில் இருப்பது அவ்வளவுதான். படத்திலோ கோழிக்குப் பின்னாலேயே ஒரு நரி! பாய்கிறது, சருகு வாரும் கருவியை மிதித்து மூக்கில் அடி வாங்குகிறது, குளத்தில் விழுகிறது, மாவு கொட்டி வெள்ளையாகிறது, கடைசியில் தேனீக்களிடம் மாட்டிக்கொண்டு ஓடுகிறது. 'நரி' என்ற வார்த்தை புத்தகத்தில் எங்கேயுமே கிடையாது.

இப்போது யோசியுங்கள். எழுத்துத் தெரிந்த பெரியவர் கோழியைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறார். எழுத்துத் தெரியாத குழந்தை நரியைப் பார்த்துவிட்டு "பின்னாடி வருது!" என்று கத்துகிறது. வீட்டில் எல்லா விஷயத்திலும் பெரியவருக்கே அதிகம் தெரியும். இந்தப் பத்து நிமிஷம் மட்டும் குழந்தைக்கு அதிகம் தெரிகிறது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் கதையே முழுசாகிறது. எழுதாமல் விட்ட இடமெல்லாம் குழந்தை பேசுவதற்காக விட்ட இடம்.

அந்த இடத்தில் நாம் பரீட்சை வைக்கிறோம். "இது என்ன? கோழிக்கு இங்கிலீஷ்ல என்ன? இது என்ன கலர்? எத்தனை மரம், எண்ணு பார்ப்போம்?" விருந்தாளி வந்தால் அவர் முன்னால் மறுபரீட்சை வேறு!

கேள்வியே கேட்கக்கூடாது என்று சொல்லவில்லை. 1988-ல் அமெரிக்காவில் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் இதைச் சோதித்தே பார்த்தார்கள். மூன்று வயது நிரம்பாத குழந்தைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, ஆம், இல்லை என்று முடிந்துபோகாத கேள்விகளைக் கேட்கவும், குழந்தை சொல்வதைப் பிடித்துக்கொண்டு மேலே பேசவும் பழக்கினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் வகைக் குழந்தைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். "நரி இப்போ என்ன செய்யப் போகுது?" என்று கேட்டால் அது பேச்சு. "இது என்ன கலர்?" என்று கேட்டால் அது வைவா. வித்தியாசம் அவ்வளவுதான்.

அப்புறம் அந்த நீதி. கோழிக் கதையில் நீதி எதுவும் இல்லை, சிரிப்பு மட்டும்தான் இருக்கிறது. குழந்தை சிரிப்பதற்குக்கூட ரசீது கேட்பீர்களா?

"தமிழில் இதெல்லாம் எங்கே இருக்கு?" என்று இழுக்காதீர்கள். சென்னையில் 1996-ல் தொடங்கிய தூலிகா, தமிழிலும் படப் புத்தகம் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகவே படிக்கலாம். ஆக, பணமும் சாக்கு இல்லை, மொழியும் சாக்கு இல்லை.

எல்.கே.ஜி.யில் சேர்ந்ததும் பரீட்சை தானாக வந்துவிடும். அப்புறம் பி.காம் வரை விடாது, அனுபவஸ்தன் சொல்கிறேன். அதற்கு முன்னால் கிடைக்கிற மூன்று நான்கு வருஷத்தையாவது விட்டுவையுங்கள். நீங்கள் கோழியை வாசியுங்கள். நரியைக் குழந்தை பார்த்துக்கொள்ளும்.