ஆணையிட்ட நாவும் அடித்த கையும்

படைக்கலம் ஏந்திக் களத்தில் எதிர்நிற்பவன் வேறு. படைக்கலம் இழந்து, கைகள் கட்டுண்டு, காவலில் இருப்பவன் வேறு. முன்னவன் பகைவன், பின்னவன் அடைக்கலம். அவன் உயிருக்கும் உடலுக்கும் மானத்திற்கும் அவனைப் பிடித்தவனே பொறுப்பாளி. இவ் வேறுபாட்டை அறியாதவன் படைஞன் அல்லன், கொலைஞன்.

1949ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கைகள் இவ்வறத்தை உலகச் சட்டமாக்கின. ஆயினும், சட்டம் ஏட்டில் இருப்பது ஒன்று. அதனை மீறியவன் கூண்டில் ஏறுவது மற்றொன்று. ஏறுபவன் யார், ஏறாமல் தப்புபவர் யாவர் என்பதே ஈண்டு எண்ணத்தக்கது. இதனைத் தெளிவாகக் காட்டுவது, ஈராக்கு நாட்டில் பிரித்தானியப் படை செய்த ஒரு கொடுமையின் வரலாறு.

2003ஆம் ஆண்டு செப்தம்பர் 14ஆம் நாள், பசுரா நகரின் விடுதியொன்றில் பிரித்தானியப் படையினர் புகுந்தனர். படைக்கலங்கள் அகப்பட்டன என்று கூறி, அங்கிருந்தவர்களைப் பிடித்துச் சென்றனர். அவர்களுள் ஒருவர் பகா மூசா என்பவர். விடுதியின் வரவேற்பாளர், அகவை 26, அணிமையில் மனைவியை நோய்க்குப் பறிகொடுத்தவர், இரு சிறு மைந்தர்க்குத் தந்தை. ஏறத்தாழ 36 மணி நேரக் காவலுக்குப்பின் அவர் பிணமானார். உடலில் 93 காயங்கள் இருந்தன.

நடந்தது என்ன? தலையில் சாக்குப்பைகளைக் கவிழ்த்தனர், முழங்காலை மடக்கிக் கைகளை நீட்டியவாறு நெடுநேரம் நிற்க வைத்தனர், உறங்க விட்டாரில்லை, தளர்ந்தவரை அடித்தனர், உதைத்தனர். ஒருவர்பின் ஒருவராக அடித்து, அவர்கள் எழுப்பிய வலிக்குரல்களைப் 'பாடகர் குழு' என்று கூறி நகைத்த கொடுமையும் பின்னர்ச் சான்றுகளில் வெளிப்பட்டது.

இவை யாவற்றிற்கும் அப் படையினர் ஒரு பெயர் வைத்திருந்தனர்; 'கண்டிசனிங்கு' என்பது அது. தமிழில் சொன்னால் 'பதப்படுத்துதல்'. தோலைப் பதப்படுத்துவர், மரத்தைப் பதப்படுத்துவர், மாந்தனையுமா பதப்படுத்துவது? அடித்தல் என்று சொல்லின் அடிப்பவன் நெஞ்சும் ஒருகால் கூசும். பதப்படுத்துதல் என்று சொல்லின் அது நாள்தோறும் செய்யும் அலுவலாகி விடுகின்றது. சொல் மறைக்கின்ற இடத்தில் செயல் வளர்கின்றது. ஆகலின், கொடுமையைக் கொடுமை என்றே பெயரிட்டு அழைத்தல் முறைசெய்தலின் முதற்படி என்க.

இக் கொடுமைகள் பசுராவில் புதியனவாய் முளைத்தவை அல்ல. 1971ஆம் ஆண்டு வட அயர்லாந்தில் சிறைப்பிடிக்கப்பட்டோருள் 14 பேர்மேல் ஐந்து முறைகளைப் பிரித்தானியர் ஏவினர்: தலையை மூடுதல், சுவரோரம் வருத்தி நிறுத்துதல், ஓயாத இரைச்சல், உறக்கம் கெடுத்தல், உணவும் நீரும் குறைத்தல். எதிர்ப்பு வலுத்தபின், 1972 மார்ச்சுத் திங்களில் தலைமையமைச்சர் எட்வர்டு ஈத்து, இவ் வைந்தும் இனி உசாவலில் கையாளப்படா என்று மக்களவையில் உறுதியளித்தார். 1978இல் ஐரோப்பிய மாந்தவுரிமை மன்றம் இவற்றை மாந்தத்தன்மையற்ற இழிசெயல் என்று தீர்த்தது. எனினும், உறுதியளித்த 31 ஆண்டுகளில் தலைமூடலும் வருத்தி நிறுத்தலும் உறக்கங்கெடுத்தலும் பசுராவில் மீண்டன.

தடை எங்கே போயிற்று? மறந்து போயிற்றாம்! நடுவர் வில்லியம் கேசு தலைமையில் நடந்த பொது உசாவல், 2011 செப்தம்பரில் வெளியிட்ட அறிக்கை இதனை விளக்கிற்று. தடையைப் பற்றிய அறிவைப் பாதுகாப்பு அமைச்சகம் பேணாது விட்டது. படைக்கு ஒழுங்கான நெறிமுறையும் பயிற்சியும் தரத் தவறியது. இது நிறுவனத்தின் தவறு என்று அவ்வறிக்கை உரைத்தது. ஒரு படைஞன் மறந்தால் அது குறை. ஓர் அரசே மறந்தால் அது குற்றம் அன்றோ?

இனி, ஒறுக்கப்பட்டவர் யாவர் என்று காண்போர் வியப்பர். 2006இல் தொடங்கிய படைமுறை மன்ற வழக்கில் எழுவர் நின்றனர். தானே குற்றத்தை ஒப்புக்கொண்ட கீழ்நிலையாளன் ஒருவனுக்கு 2007இல் ஓராண்டுச் சிறையும் பணிநீக்கமும் கிடைத்தன. படைப்பிரிவின் தலைவர் உள்ளிட்ட மற்றை அறுவரும் விடுதலை பெற்றனர். படையினர் ஒருவரையொருவர் காத்து வாய்மூடி நின்றமையாலேயே பலர்மேல் வழக்குத் தொடுக்க இயலவில்லை என்று அம் மன்ற நடுவரே கூறினார். அரசு 2008இல் 28 இலக்கம் பவுண்டுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. பொருள் கொடுத்தவர் பொறுப்பைக் கொடுத்தாரில்லை.

அப் படையின் மருத்துவர், உடற்காயங்களைக் கண்டிலேன் என்றார். அவரை 2012இல் மருத்துவர் பதிவேட்டினின்று நீக்கினர். அடித்தவரைக் கூண்டேற்ற இயலாத நாட்டில், காணாதது போல் நின்ற கண்ணுக்கு ஒரு தொழிலவையேனும் கணக்குக் கேட்டது.

போர் வெப்பத்தில், தோழரை இழந்த துயரத்தில், படைஞன் கைமிகுதல் இயல்பு என்பார் உளர். களத்தில் நிகழும் கைமிகைக்கு அது ஒருகால் பொருந்தும். இரண்டு நாள் கட்டிவைத்து, மாறி மாறிக் காவல் நின்று செய்த கொடுமைக்கு எவ்வாறு பொருந்தும்? பொய்க் குற்றச்சாட்டுகளால் படைஞர் அலைக்கழிக்கப்படுகின்றனர் என்பார் கூற்றில் ஒரு மெய் உண்டு. ஈராக்கு நிகழ்ச்சி மற்றொன்றை உசாவிய குழு, கொலைபற்றிய பெருங் குற்றச்சாட்டுகள் பொய் என்று 2014இல் கண்டது; சிலரைத் தவறாக நடத்தியது மெய் என்றும் கண்டது. இதனின்று பெறப்படுவது என்னை? உசாவல் வேண்டா என்பதன்று. உடனே, நேர்மையாக, படைக்குப் புறத்தே நிற்பவரால் உசாவல் வேண்டும் என்பதே. அதுவே குற்றவாளியைப் பிடிக்கும். குற்றமற்ற படைஞனையும் காக்கும்.

பிரித்தானியாவோ வேறு வழி சென்றது. 2021இல் இயற்றிய சட்டத்தால், அயல்நாட்டுப் போர்ச்செயல் குறித்து ஐந்தாண்டு கடந்தால் வழக்குத் தொடராமையே பொதுநெறி என்றாக்கிற்று. மேலவையில் எழுந்த எதிர்ப்பால் கொடுந்துன்புறுத்தலும் போர்க்குற்றமும் இந்நெறியினின்று விலக்கப்பட்டன. ஆயினும், இழப்பீட்டு வழக்குக்கு ஆறாண்டு எல்லை நின்றது. பகா மூசாவின் சாவுபற்றிய முழு மெய் வெளிவர எட்டாண்டுகள் ஆயின என்பதை நோக்கின், இவ்வெல்லை யாருக்குத் துணை என்பது விளங்கும்.

சிறையில் நீர் கேட்டு, காலந்தாழ்த்துப் பெற்று, அதனை உண்ணாது உயிர்நீத்த சேரமான் கணைக்கால் இரும்பொறையைப் புறநானூற்றின் 74ஆம் பாட்டு நினைவூட்டும். தோற்றவன் பாடல் நின்றது; வென்றவன் சிறைக்கோட்டம் பழியோடு நின்றது. வென்றவன் மானத்தை அளக்கும் கோல் அவன் காவலில் இருப்பவனின் நீர்க்குவளையே.

ஆகவே, அடித்த கையை மட்டும் ஒறுத்தல் முறையாகாது. ஆணையிட்ட நாவும், கண்டும் காணாத கண்ணும், தடையை மறந்த அரசும் உடன் நிற்றல் வேண்டும். 'கட்டளைப்படி செய்தேன்' என்பது விடையாகாது என்று நூரம்பெர்க்கு மன்றம் 1946இலேயே உரைத்தது. 'எனக்குத் தெரியாது' என்பதும் விடையாகாது. தெரிந்திருக்க வேண்டியவன் தெரியாதிருப்பதே முதற் குற்றம். இம் முறை எல்லாப் படைக்கும், எல்லா நாட்டிற்கும் ஒன்றே. பகைவன் படை செய்தால் கொடுமை, நம் படை செய்தால் கடமை என்று பேசும் நாக்கு அறம் பேசும் நாக்கன்று.