பட்டறை வகுப்பில் உருவான கார்

படிப்பு ஏறாதவனுக்குத்தான் பட்டறை என்ற எண்ணம் நம் நாட்டில் மட்டுமல்ல, அமெரிக்காவிலும் உண்டு. அதைப் பொய்யாக்கியவர்கள் பிலடெல்பியா நகரின் மேற்குப் பகுதிப் பள்ளி மாணவர்கள். கறுப்பின ஏழை மக்கள் மிகுந்த வட்டாரம் அது.

அப்பள்ளியின் மோட்டார் மெக்கானிக் பிரிவு மாணவர்கள், உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பூட்டி, பந்தயக் கார் ஒன்றை உருவாக்கினார்கள். முன் சக்கரங்களுக்கு மின் மோட்டார். பின் சக்கரங்களுக்கு சோயா டீசல் எஞ்சின். வேகமும் உண்டு, சிக்கனமும் உண்டு. 2005-ல் 'டூர் டி சோல்' போட்டியில் அது வென்றது.

2010-ல் 1 கோடி டாலர் 'எக்ஸ் பிரைஸ்' போட்டியில் கம்பெனிகளோடு மோதிய ஒரே உயர்நிலைப் பள்ளி இதுதான். ஒரு காலன் பெட்ரோலின் சக்தியில் 100 மைல் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. இடைச் சுற்றில் பள்ளி வெளியேறியது.

ஒரு கார் செய்வது வேறு, ஆயிரக்கணக்கில் தயாரிப்பது வேறு என்பது உண்மையே. ஆனால் கவனிக்க வேண்டியது பரிசை அல்ல. நிஜமான வேலை ஒன்றைக் கையில் கொடுத்ததும், மாணவர்களுக்குக் கணக்கும் மின்னியலும் தாமாகவே தேவைப்பட்டன.

மின் வண்டிகள் பெருகப் பெருக, கார்புரேட்டரும் கிளட்சும் மட்டும் அறிந்த மெக்கானிக்குக்கு வேலை குறையும். புதிய வேலை யாருக்குக் கிடைக்கும் என்பதை, தொழிற்பயிற்சி வகுப்பில் இன்று சொல்லித்தரும் பாடமே முடிவு செய்யும்.