குதிரைக்கு மயக்க ஊசி: விழுவதும் எழுவதும்

கேள்வி: அந்தியூர் சந்தையில் வாங்கி வந்த ஆண் குதிரைக்கு இப்போது இரண்டரை வயது. வண்டிக்குப் பழக்கி வருகிறோம். பெட்டைக் குதிரையைக் கண்டால் கட்டுக்கு அடங்குவதில்லை, போன மாதம் பையனின் தோளைக் கடித்துவிட்டது. காயடித்தால் அடங்கும் என்கிறார்கள். ஆனால் மயக்க ஊசி போட்டால் குதிரை எழுந்திருக்காது, கயிறு கட்டிச் சாய்த்துச் செய்வதே மேல் என்று வீட்டுப் பெரியவர் தடுக்கிறார். எது சரி?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி வட்டம்

பதில்: பெரியவரின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. நாய், பூனையைவிடக் குதிரைக்கு மயக்கத்தில் ஆபத்து பல மடங்கு கூடுதல். வெளிநாட்டுப் பெரிய மருத்துவமனைகளில் எடுத்த கணக்கிலேயே, வயிற்றுவலி அறுவை நீங்கலான மற்ற அறுவைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஒரு குதிரை இறந்திருக்கிறது. இதயம் நின்று இறந்தவை உண்டு. மயக்கம் தெளிந்து எழும்போது கால் முறிந்தவையும், படுத்த பக்கத்துச் சதை கெட்டுப்போனவையும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வாயு கொடுத்து நீண்ட நேரம் படுக்க வைத்த குதிரைகள். நல்ல உடல்நிலையில் உள்ள இளங்குதிரையை நரம்பு ஊசியால் கால் மணி நேரம் படுக்க வைப்பதில் அந்த அளவு ஆபத்து இல்லை.

கயிற்று முறையில்தான் கேடு அதிகம். மாடு சாய்ந்தால் ஓரளவு அடங்கிக் கிடக்கும். குதிரை அப்படியல்ல. உணர்வோடு கிடக்கும் குதிரை கத்தி பட்டதும் மொத்த பலத்தையும் போட்டு உதைக்கும். கால் முறியலாம், முதுகெலும்பு விலகலாம், பிடித்திருப்பவரின் விலா எலும்பும் போகலாம். அது படும் வேதனையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கடல்வழி வந்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் பெரும்பகுதி செத்ததையும் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். மாட்டுக்குத் தெரிந்த பக்குவம் குதிரைக்குத் தெரியாமல் போவது இந்தச் சீமையில் பழைய குறைதான்.

ஊசி இரண்டு கட்டமாகப் போடப்படும். முதலில் கழுத்து நரம்பில் சைலசின். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் தலை முழங்கால் மட்டத்துக்குத் தொங்கும், உதடு தளரும், கால்களை அகட்டி நிற்கும். அந்த நிலை வந்த பிறகே கெட்டமினும், சதை தளர டயசிபாமும் போடுவார்கள். ஒன்று ஒன்றரை நிமிடத்தில் குதிரை சாயும். முதல் ஊசி சரியாகப் பிடிக்காமல் கெட்டமின் ஏறினால் குதிரை வெறிகொண்டு துள்ளும், வலிப்பும் வரும். ஆகவே, "வேலைக்கு நேரமாகிறது, சீக்கிரம் போடுங்கள் டாக்டர்" என்று அவசரப்படுத்தக் கூடாது. முதல் ஊசி போட்ட பிறகு சுற்றி நின்று பேசுவது, தட்டிக் கொடுப்பது, செல்போன் மணி அடிப்பது எல்லாமே அதன் பிடிப்பைக் கெடுக்கும்.

விழுந்த குதிரையின் கண் திறந்தே இருக்கும், சிமிட்டும், விழி அசையும். மயக்கம் வரவில்லை என்று பலர் பதறுவது இதைப் பார்த்துத்தான். கெட்டமின் மயக்கத்தின் இயல்பே அது. அறுவைக்குக் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம். விரையிலும் அதன் தண்டிலும் மரப்பு ஊசி சேர்த்துப் போட்டால் அந்த நேரம் இன்னும் நிம்மதியாக நடக்கும். நேரம் போதாவிட்டால் டாக்டர் சிறு அளவு கூட்டிப் போடுவார்.

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. நாட்டுப்புறத்தில் குதிரையை நிறுத்திப் பார்க்கத் தராசு ஏது? தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடை முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 150, நீளம் 140 என்றால் சுமார் 265 கிலோ. டாக்டர் வருமுன் இதை எழுதி வைத்தால் அவருக்குப் பெரிய உதவி.

இடத்தைத் தேர்வதும் வீட்டார் பொறுப்பு. களத்துச் சிமெண்டுத் தரை வேண்டாம். புல் உள்ள சமதரை அல்லது கல் பொறுக்கிய மணல் தரை வேண்டும். கண்மாய் ஓரம் என்றால் வெட்டிய சீமைக்கருவேல மூடும் முள்ளும் இல்லாமல் பாருங்கள். கிணறு, வாய்க்கால், கம்பி வேலி பக்கத்தில் இருக்கக் கூடாது. மதுரை வெயிலுக்கு விடியற்காலையே நேரம். அன்று தானியத் தீவனம் வேண்டாம், தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. ஊசிக்கு முன் வாயைக் கழுவிவிடுங்கள்.

படுத்ததும் தலைக்கயிற்றின் வளையம் கன்னத்தில் அழுந்தாமல் கழற்றுங்கள். அழுந்தினால் முக நரம்பு கெட்டு உதடு கோணும். தலைக்கு அடியில் சாக்கு மெத்தை, கண்ணின் மேல் துணி, காதில் பஞ்சு. கீழ்ப்பக்க முன்னங்காலை முன்னோக்கி இழுத்து வைத்தால் தோள் நரம்பு நசுங்காது.

பெரியவர் பயப்படும் கட்டம் இனிதான். ஊசி போட்டு அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலான குதிரைகள் எழ முயலும். தானாக எழும்வரை விடுங்கள். வாலை முறுக்குவது, தண்ணீர் ஊற்றுவது, சாட்டையைக் காட்டுவது எல்லாம் அரைத் தெளிவில் எழுப்பிக் காலை முறிக்கும் வேலை. ஒருவர் முதுகுப் பக்கமாகக் கழுத்தோரம் இருந்து தலையை அணைத்துப் பிடித்தால் போதும், மற்றவர்கள் விலகி நிற்கட்டும். எழுந்து முழுத் தெளிவு வந்த பின்பே புல். அதற்குமுன் போட்டால் தொண்டையில் அடைக்கும்.

குதிரைக்கு ரண ஜன்னி எளிதில் வரும். தடுப்பூசி போடாமல் கத்தி வைக்க விடாதீர்கள். ரத்தம் சொட்டுவது இயல்பு. சொட்டுகளை எண்ண முடியாத வேகத்தில் கால் மணி நேரம் போனாலோ, புண்ணிலிருந்து குடல் போல ஏதாவது தொங்கினாலோ ஈரத்துணியால் தாங்கிப் பிடித்து உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். முதல் நாள் ஓய்வு, மறுநாளிலிருந்து தினமும் நடத்துங்கள். நடக்காத குதிரைக்கு வீக்கம் வடியாது. ஒரு மாதமாவது பெட்டையோடு விடக் கூடாது. கடிக்கும் பழக்கம் ஊறிப்போயிருந்தால் அது மறையச் சில மாதமாகும், பழக்கமும் திருத்த வேண்டியிருக்கும். ஒரு விரை இறங்காத குதிரை என்றால் வயல்வெளியில் வேண்டாம், வசதியுள்ள மருத்துவமனைக்கே கொண்டு போங்கள்.

1984ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவக் குழுச் சட்டப்படி இது பதிவு பெற்ற கால்நடை மருத்துவரின் வேலை. கழுத்து நரம்பை ஒட்டியே தமனி ஓடுகிறது. ஊசி அதில் ஏறினால் குதிரை அந்த இடத்திலேயே வலிப்பு வந்து விழும். அரசு கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டிச் சொல்லி நாள் குறித்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 1962 எண் உண்டு.

கேள்வி: குதிரைக்குப் போட்டு மீந்த மயக்க மருந்தை, முரண்டு பிடிக்கும் வண்டிக்காளைக்கும் போடலாமா?
- அதே வாசகர்

பதில்: கூடவே கூடாது. சைலசின் மாட்டுக்குக் குதிரை அளவில் பத்தில் ஒரு பங்கு போதும். குதிரை அளவு காளைக்கு ஏறினால் மூச்சு அடங்கிவிடும். ஆட்டுக்கு இன்னும் மோசம். படுத்த காளைக்கு வயிறு ஊதும், இரை மேலேறி மூச்சுக்குழாயில் போகும். காளைக்குக் காயடிக்கப் பர்டிசோ இடுக்கி இருக்கிறது, குதிரைக்குத்தான் அது ஏற்றதல்ல. மீந்த மருந்துப் புட்டியை டாக்டரின் பெட்டியிலேயே திருப்பி அனுப்புங்கள்.